கொடுத்ததை மீளப் பெறலாமா?
ஒலிநாடாக்கள் எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒருவன் பிறனொருவனுக்கு ஒரு பொருளை விலையின்றிக் கொடுத்துவிட்டபின் அதனைத் திருப்பிக் கேட்க அவனுக்கு உரிமையுண்டா? சட்டம் இதற்கு விரைவில் விடை கூறிவிடும். அறவியல் அவ்வாறு கூறுவதில்லை. கொடுக்கப்பட்ட பொருள், பெற்றவர்களின் உழைப்பாலும் ஈடுபாட்டாலும், கொடுத்தபோது இருந்ததிலும் பெரிதாக வளர்ந்துவிடுமாயின் வினா மேலும் சிக்கலடைகின்றது. மெய்யியல் நூல்கள் இத்தகைய வினாக்களுக்குப் பெரும்பாலும் நிலத்தையும் தானியத்தையுமே எடுத்துக்காட்டாகக் கொள்ளும். நான் இங்கு எடுத்துக்கொள்வதோ, அமெரிக்க றொக் இசைக்குழுவொன்றின் கச்சேரிகளை அதன் இரசிகர்கள் நாடாவிற் பதிந்து, ஒருவர்க்கொருவர் அனுப்பி, அவைபற்றி ஓயாது வாதிட்டுவந்த கதையாகும். றொக் என்ற சொல்லைக் கண்டதும் புருவம் நெரிக்கும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இங்கு இசையின் தரம் அன்று, கொடையின் இயல்பே ஆராயப்படுகின்றது.

'கிறேற்புல் டெட்' என்னும் அக்குழு 1965இல் கலிபோர்ணியாவிலே தோன்றியது. அதன் முதன்மைக் கித்தார்க் கலைஞரான ஜெரி கார்சியா 1995 ஓகஸ்ற் 9ஆம் நாள் காலமானதோடு அக்குழுவின் வாழ்வும் முடிவுற்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் அது 2,300க்கு மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தியது. எண்ணிக்கையினும் முக்கியமானது, ஒருநாட் கச்சேரி மறுநாட் கச்சேரியைப்போல் அமையாமையாகும். பாடல்களின் வரிசை இரவுக்கிரவு மாறும். ஒரே பாடலும் அவ்வேளையில் எழும் கற்பனைக்கேற்ப விரியும், சுருங்கும். 'டார்க் ஸ்ரார்' என்னும் பாடல் 1968இற் சிறு இசைத்தட்டாக வெளிவந்தபோது 3 நிமிடங்களுக்கும் குறைவாகவே இருந்தது. 1969இல் வெளிவந்த கச்சேரி இசைத்தட்டிலோ அது 23 நிமிடங்கள் நீள்கின்றது. நம் இசைவாணர் மனோதர்மம் என்று கூறுவதை இங்கு ஒருவாறு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே கற்பனை செய்வோர் ஒருவரல்லர். ஐவர் அறுவர் ஒருங்கே செய்கின்றனர். சில இரவுகளில் அது கைகூடும். பல இரவுகளிற் கைகூடாது. கைகூடிய இரவைத் தவறவிட்டோமே என்ற ஏக்கமே நாடாப் பழக்கத்தின் வித்தெனலாம்.

தொடக்கத்தில் இரசிகர்கள் பதிவுக்கருவிகளை மறைத்தே மண்டபத்துட் கொண்டுசென்றனர். பிற குழுக்கள் அவற்றைப் பறித்துவந்த காலத்தில் இக்குழுவினர் பெரும்பாலும் கண்டும் காணாதார்போல் இருந்தனர். ஒலிவாங்கிகளைத் தாங்கிய கம்புகள் காடுபோற் பெருகிப் பின்னாலிருந்தோரின் பார்வையை மறைக்கவே, 1984 ஒக்ரோபரில், பேர்க்கிளி நகரக் கச்சேரிகளில், பதிவு செய்வோர்க்கென்று தனியிடமே ஒதுக்கப்பட்டது. விதி ஒன்றுதான்: நாடாவை விற்கலாகாது. புதியவனொருவன் வெற்று நாடாவையும் அஞ்சற் செலவையும் அனுப்பினால் மூத்த இரசிகரொருவர் அதிற் கச்சேரியைப் படியெடுத்து அனுப்புவார். அப்புதியவன் நாளை வேறொருவனுக்கு அதனைச் செய்வான். மார்செல் மோஸ் 1925இற் கொடைபற்றி எழுதிய ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், கைம்மாறு செய்தல் ஆகிய மூன்று கடப்பாடுகளைப் பழஞ் சமூகங்களின் உயிர்நாடியாகக் காட்டினார். கைத்தொழில் நாகரிகத்தின் உச்சத்திலிருந்த ஒரு நாட்டில், கசெற் நாடாவைச் சுற்றி, அம்மூன்றும் மீண்டும் முளைத்தமை வியப்புக்குரியதே. இங்கு ஒரு வேறுபாடும் உண்டு: கைம்மாறு கொடுத்தவனுக்குச் செல்வதில்லை, அடுத்துக் கேட்பவனுக்கே செல்கின்றது.

நாடாவோடு கருத்தும் பயணஞ்செய்தது. நாடாப் பரிமாற்றக்காரர்க்கென 1974இல் தொடங்கிய சிறு செய்தியிதழொன்று பின்னர் 'றெலிக்ஸ்' என்னும் சஞ்சிகையாக வளர்ந்தது. 1998 முதல் வெளிவந்த மூன்று பெருந்தொகுதிகள், கச்சேரி கச்சேரியாக, இன்ன இரவில் இன்ன பாடல் எவ்வாறு அமைந்தது, கித்தார் எவ்விடத்திற் கிளர்ந்தது, எவ்விடத்திற் சோர்ந்தது என்று இரசிகரே எழுதிய மதிப்பீடுகளால் நிறைந்தவை. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இது வேலையற்றோர் விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இமானுவேல் கான்ற் 1790இல் வெளியிட்ட தீர்ப்புத்திறன் பற்றிய நூலில், இனிமையானது வேறு, அழகானது வேறு என்கிறார். கனேரித் தீவு வைன் எனக்கு இனிக்கின்றது என்பவன் பிறருடைய உடன்பாட்டை வேண்டுவதில்லை. இது அழகானது என்பவனோ எல்லோரும் உடன்படவேண்டுமென எதிர்பார்க்கின்றான். ஆயினும் அதனை நிறுவிக்காட்ட அவனிடம் சான்று எதுவுமில்லை. ஆகவே அவன் செய்யக்கூடியது ஒன்றே: "இவ்விடத்தைக் கேட்டுப்பார்" என்று மற்றவனை அழைப்பது. நாடாவை அனுப்புவதும் அதன்மேற் கருத்துரைப்பதும் இவ்வகையில் ஒரே செயலின் இரு பாதிகளாகின்றன. கேட்கவேண்டிய இடம் எதிரே இல்லாதபோது அழகுபற்றிய வாதம் வெறும் பிடிவாதமாகிவிடும்.

இவ்வாதங்களில் அடிக்கடி அடிபடுவது 1977 மே 8ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்தின் இதாக்கா நகரில், கோர்ணெல் பல்கலைக்கழகத்துப் பார்ற்றன் மண்டபத்தில் நடந்த கச்சேரி. மே மாதமாயிருந்தும் அன்றிரவு அங்கே பனி பெய்தது. குழுவின் கச்சேரிகளுள் இதுவே தலையாயது என்பார் பலர். 'இல்லை, 1970 பெப்ரவரி 13இல் பில்மோர் ஈஸ்ற் அரங்கில் நிகழ்ந்ததே' என்பார் சிலர். '1972 ஓகஸ்ற் 27இல் ஒறிகன் வெயிலில் வாசித்ததற்கு ஈடேது' என்பார் வேறு சிலர். மறுநாள் பவலோ நகரில் நடந்ததே கோர்ணெலிலும் மேலானது எனச் சாதிப்போரும் உளர். இங்குதான் ஓர் ஐயம் எழுகின்றது. கோர்ணெல் கச்சேரியைக் குழுவின் ஒலிப்பதிவாளரான பெற்றி கன்ரர்-ஜாக்சன் மிகத் தெளிவாகப் பதிந்திருந்தார். அந்நாடா இரசிகர் கைகளிற் பரவலாகப் புழங்கியது. ஒன்பதாவது படியெடுப்பின் இரைச்சலுக்கூடாகக் கேட்கப்பட்ட வேறோர் இரவு, அதனினும் சிறந்ததாயிருந்தும் வழக்கில் தோற்றிருக்கலாம் அன்றோ? அவ்வாறாயின் இரசிகர் முடிசூட்டியது கச்சேரிக்கா, நாடாவுக்கா? இரண்டுக்கும் என்பதே நேர்மையான விடை. நிகழ்ந்து மறைந்த இரவை இனி எவரும் தனியே எடுத்து நிறுத்துப்பார்க்க முடியாது. 2011ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இக்கச்சேரி சேர்க்கப்பட்டபோது அது கடையில் விற்கப்படும் இசைத்தட்டாகவே இருக்கவில்லை. முறைப்படி வெளியிடப்பட்டது 2017இலேதான். ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதனை உயிருடன் வைத்திருந்தோர், விற்பனை உரிமை எதுவுமற்ற கேட்போரே.

பெற்றியின் நாடாக்களின் கதையும் இவ்வினாவை ஒட்டியதே. அவர் வறுமையுற்று, பொருள்களை வைத்திருந்த களஞ்சிய அறைக்கு வாடகை செலுத்த இயலாமற்போக, 1980களின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான நாடாச் சுருள்கள் ஏலத்திற் போயின. ஏலத்தில் எடுத்தோர் வழியாகப் பல இரசிகரிடையே பரவின. இவற்றை யாருடையவை என்பது? வாசித்தது குழு, பதிந்தது அவர், காசு கொடுத்தது ஏலத்தில் எடுத்தவன், பரப்பியது இரசிகர் கூட்டம்.

இவ்வினா 2005 நவெம்பரில் வெளிப்படையாக வெடித்தது. இன்ரநெற் ஆக்கைவ் எனப்படும் இணைய நூலகத்தில் இக்குழுவின் கச்சேரிகள் ஆயிரக்கணக்கில், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத்தக்கவாறு வைக்கப்பட்டிருந்தன. குழுவின் சார்பில் நிர்வாகம் செய்தோர் வேண்டியதன்பேரில் அவை திடீரென அகற்றப்பட்டன. இரசிகர் கொதித்தெழுந்தனர். குழுவின் பாஸ் கித்தார்க் கலைஞரான பில் லெஷ் இம்முடிவில் தமக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாகவே கூறினார். சில நாள்களுக்குள் ஓர் இணக்கம் ஏற்பட்டது: மண்டபத்திலிருந்து இரசிகர் பதிந்தவற்றை முன்போல எடுத்துக்கொள்ளலாம், மேடையின் ஒலியமைப்புப் பலகையிலிருந்து நேரே பதியப்பட்டவற்றைக் கேட்க மட்டுமே முடியும்.

குழுவினர் பக்கத்து நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கார்சியாவின் மறைவுக்குப்பின் அக்குழு கச்சேரி நடத்த முடியாததாயிற்று. எஞ்சியது பதிவுகளே, அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் ஊழியர்களும் இருந்தனர். மேலும் நாடாவிற் பதிய இசைந்தோமேயன்றி எம் களஞ்சியத்தையே தந்துவிடவில்லை என்று அவர்கள் கூறினால் அது பொய்யன்று. இரசிகர்க்காக ஜோன் லொக்கைத் துணைக்கழைப்பதும் பயன் தராது. காட்டிற் பொறுக்கிய ஓக் மரக்காய் பொறுக்கியவனின் உழைப்பால் அவனுடையதாகின்றது என்றார் லொக். ஆனால் அம்மரக்காய் முன்னர் எவருக்கும் தனியுரிமையாய் இருந்ததில்லை. கச்சேரி அத்தகையதன்று. அதை ஆக்கியோர் மேடையிலேயே நிற்கின்றனர்.

எனினும், உடைமை என்ற ஒரே சொல்லால் இவ்வழக்கைத் தீர்க்க முயல்வதே பிழை என்பது என் எண்ணம். நம் மொழியில் அடைக்கலப்பொருள் என்றொரு வழக்குண்டு. அதைக் காப்பவனுக்கு விற்கும் உரிமையில்லை; ஆயினும் அவன் வெறும் அந்நியனுமல்லன். நாடாவை விற்கலாகாது என்ற விதியை ஏற்றுக்கொண்ட இரசிகர்கள் அத்தகைய நிலையிலேயே இருந்தனர். வெற்று நாடாவுக்கும் தபாற் செலவுக்கும் மேல் ஒரு சதமும் கேட்கலாகாதென அவர்கள் ஒருவரையொருவர் கண்காணித்தனர். குழுவிற்குப் பாடல் எழுதிய ஜோன் பெறி பார்லோ 1994இல் எழுதிய கட்டுரையொன்றில், பதிவுகளை இவ்வாறு பரவவிட்டமையே கச்சேரிக்கு வருவோரைப் பெருக்கியது என்று சுட்டிக்காட்டினார். அஃதாவது, கொடை பெற்றவர் கொடுத்தவரை வளர்த்தனர். இந்நிலையிற் கொடுத்தவர் புதிதாக ஒன்றைத் தர மறுக்கலாம். களஞ்சியத்தின் கதவைச் சாத்தலாம். பரவிவிட்டதை, பெற்றவரைக் கேளாமல், ஒரே இரவில் அகற்ற முற்படுவது, அவர்கள் காவலராய் இருந்ததையே மறுப்பதாகும். 2005இன் கொதிப்பு இலவசம் பறிபோனதால் எழுந்த கொதிப்பு மட்டுமே என்று நான் கருதவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நியாயமும் உண்டு. அதற்கு என்னிடம் தெளிவான விடையில்லை. கார்சியா நீரிழிவால் 1986 யூலையில் நினைவிழந்து கிடந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 15இல் ஓக்லண்டில் மீண்டும் மேடையேறியபோது சபையினர் எழுப்பிய ஆரவாரம் நாடாவில் இருக்கின்றது. இசையை அளந்துபார்ப்போர்கூட அந்நாடாவை அளப்பதில்லை. ஆனால் 1995இன் நாடாக்களும் இருக்கின்றன. அவற்றில் அதே மனிதர் நலிந்த குரலிற் பாடுகின்றார். தாம் பல்லாண்டு பாடிய அடிகளையே மறந்து தடுமாறுகின்றார். அன்று மண்டபத்திருந்தோர் கேட்பதற்கு அவர் இசைந்தார். பின்வருவோர் அதை மீண்டும் மீண்டும் போட்டுக்கேட்டு, எவ்விரவில் எவ்வளவு தளர்ந்தார் என்று குறிப்பெழுதுவதற்கும் இசைந்தாரா? எல்லாவற்றையும் காப்பதே காவலன் கடன் எனின் இதையும் காக்கவேண்டும். சிலவற்றை மறைப்பதும் காவலின் ஒரு பகுதி எனின், எதை மறைப்பதென்று தெரிந்தெடுக்கும் அதிகாரம் யாரிடம்? நான் அந்நாடாக்களுள் ஒன்றைப் பாதிவரை கேட்டுவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியது மரியாதையாலா, கேட்கப் பொறுக்காமையாலா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கோர்ணெல் நாடாவில், இரண்டாம் பகுதி தொடங்குமுன், ஓரிடம் வருகின்றது. மேடைக்கு முன்னால் நெரிபட்டு நிற்போரைச் சற்றுப் பின்னே நகருமாறு குழுவினர் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்கின்றனர். அது அன்றிரவு அம்மண்டபத்தில் நின்ற சிலருக்காக மட்டும் சொல்லப்பட்டது. அதனை வெட்டிவிட்டுப் படியெடுத்திருந்தால் நாடாவில் இடமும் மிஞ்சியிருக்கும். இரசிகர் அதனை வெட்டவில்லை.