மூன்றாவது தட்டு

உடன்பாடு உண்மைக்குச் சான்றாகுமா? தத்துவ நூல்களில் மட்டுமன்றி இரும்புப் பட்டறையிலும் இவ்வினா எழுகிறது.

இரு வார்ப்பிரும்புத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நெடுநேரம் தேய்த்தால் அவை இடைவெளியின்றிப் பொருந்தும். ஆனால், பொருந்தியவை யாவும் மட்டமானவையெனக் கொள்ளல் தவறு. ஒன்று மெல்லக் குழிந்தும் மற்றது அதற்கேற்பப் புடைத்தும் இருக்கக்கூடும். இரண்டும் பொய், பொருத்தமோ பூரணம். இப்பொய்யை வெளிப்படுத்தும் முறையை யோசப் விற்வேர்த், 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் எடுத்துரைத்தார். மூன்றாவது தட்டொன்றைச் சேர்த்து, இரண்டிரண்டாக ஒப்பிட்டு, முட்டும் மேடுகளைச் சுரண்டி நீக்கவேண்டும். புடைத்த ஒன்றுக்குப் பொருந்துமாறு குழிந்த இரண்டும் தம்முள் பொருந்தா. எப்படித் திருப்பி வைப்பினும் எல்லாச் சோடிகளும் பொருந்துமாயின் மூன்றும் மட்டமாகவே இருத்தல் வேண்டும்.

இங்கு எந்தத் தட்டும் முன்னரே மட்டமானதன்று. முதல் அளவுகோலை எதனால் அளந்தார்கள் என்று மடக்குவோர்க்கு இது ஒரு விடை. மூன்றாவதைச் சேர்த்தல் வாக்கெடுப்பன்று என்பதையும் கவனிக்க. இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை இங்கே செல்லாது. நண்பர் இருவர் எதிலும் ஒத்துப்போவதை நாம் நேர்மையென மெச்சுகிறோம். ஒருவரது மேட்டுக்கு மற்றவரது பள்ளம் இடங்கொடுத்திருக்கலாமென எண்ணுவதில்லை.

மட்டமாக்கிய தட்டு என்றும் அவ்வாறே இருக்குமா? என்னை அதிகம் சிந்திக்கவைப்பது இதுவே. பிற பொருள்களைத் தேய்த்து மட்டமாக்கும் பொறியில், சுழலும் தட்டின் விளிம்பு நடுப்பகுதியைவிட விரைவாகச் செல்கிறது, தேய்மானமும் சீராயிராது. மற்றவற்றை மட்டமாக்கும் தொழிலே தட்டின் மட்டத்தைக் கெடுக்கிறது. துருவோ கவனக்குறைவோ தேவையில்லை. நெடுங்காலம் தீர்ப்புக் கூறியவரிடமும் புள்ளியிட்ட ஆசிரியரிடமும் காணும் சாய்வை நாம் உடனே ஒழுக்கக்கேடு என்கிறோம். அது உழைப்பின் தேய்மானமாகவும் இருக்கலாம். அதனால் அவர் குற்றம் நீங்குமா? குற்றம் தேய்ந்ததில் அன்று, சோதனைக்கு உடன்பட மறுப்பதிலேயே உள்ளது என்பேன்.

தட்டைச் சீர்செய்யக் கனத்த வளையமொன்று அதன்மேல் சுழல்கிறது. அதனை உள்ளே நகர்த்தினால் நடுப்பகுதியும், வெளியே நகர்த்தினால் விளிம்பும் கூடுதலாகத் தேயும். எனினும் வளையமும் தட்டும் இரண்டே. அவையும் தமக்குள் பொருந்திப் பொய்யாகலாம். ஆகவே, தொழிலாளி இடையிடையே பொறியை நிறுத்தித் தட்டைத் துடைத்து, நேர்விளிம்புச் சட்டமொன்றை அதன்மேல் குறுக்காக வைத்து, அடியில் ஒளி கசிகிறதா என்று பார்க்கிறார்.