பற்கள் தொடாத நேரம்

காதுக்குச் சற்று முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரு விரல்கள். வாயை மெதுவாகத் திறந்தால் முதலில் விரலடியில் ஒரு குமிழ் உருள்கிறது. இன்னும் திறந்தால் முன்னோக்கி வழுக்குகிறது. அது இருந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படுகிறது.

*

வாய் திறப்பில் முதல் 2 சென்டிமீட்டர் வரை பெரும்பாலும் சுழற்சி. அதன்பின் கீழ்த்தாடைக் குமிழ் தன் குழியை விட்டு, முன்னாலுள்ள எலும்பு மேட்டை நோக்கி நகர்கிறது. கொட்டாவியில் மேட்டின் உச்சியையே தொட்டுவிடும். இடத்தை விட்டு இவ்வளவு தூரம் போய்த் திரும்புவது இந்தத் தாடை மூட்டுக்கு அன்றாட வேலை. இருபுறமும் எலும்பு ஒன்றே. ஒரு மூட்டு அசைந்தால் மற்றதும் அசைந்தே ஆகவேண்டும்.

*

குமிழுக்கும் குழிக்கும் நடுவே சிறு வட்டு ஒன்று. ஓரம் தடிப்பு, நடு மெலிவு. அந்த மெலிந்த நடுவில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மெல்லும்போது அழுத்தம் விழுவது அங்கேதான். வட்டுக்குப் பின்னாலுள்ள திசுவிலோ நரம்பு நிறைய. குமிழ் அதன்மேல் அழுந்தினால் வலிக்கும்.

*

வட்டு சில சமயம் முன்பக்கமாக நழுவிக் கிடக்கும். வாயைத் திறக்கையில் குமிழ் அதன் தடித்த பின்விளிம்பைத் தாண்டி நடுவில் ஏறி அமரும்போது ‘டக்’ என்கிறது. மூடுகையில் மறுபடி நழுவும். இரண்டாவது சத்தம் பெரும்பாலும் மெலிது. மூட்டு காதை ஒட்டியிருப்பதால், பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குக் கேட்காதது நமக்கு உரக்கக் கேட்கிறது.

*

பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல. பல நாள் கேட்ட சத்தம் திடீரென நின்று, வாயும் பாதிக்கு மேல் திறக்க மறுத்தால், வட்டு குமிழின் பாதையிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

*

சும்மா இருக்கும் வாயில் உதடுகள் சேர்ந்திருக்கும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஆனால் கணக்குப் பார்க்கையில், ஊசியில் நூல் கோக்கையில், கோபத்தை விழுங்குகையில் நாம் அறியாமலே பல் பல்லைக் கடித்துக்கொள்கிறது. மெல்ல எதுவும் இல்லாதபோதும் தசைக்கு வேலை, மூட்டுக்குச் சுமை. கவனித்த மாத்திரத்தில் தாடை தளர்கிறது. கவனம் போனதும் திரும்ப இறுகுகிறது. கவனித்துத் தளர்த்துவது நாளெல்லாம் செய்யத்தக்க பயிற்சி.

*

வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் வேண்டியதில்லை. வேண்டுமென்றே தாடையைச் சொடுக்கிப் பார்க்காதீர்கள். வலித்தாலோ, வாய் திறக்க மறுத்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.