இருநூறு பேருக்கு ஒரு பொம்மை

புதுச்சேரியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'முசே'தான். அவர் வீட்டு மாடியில் ஒரு பெரிய மேஜை. அதன் நடுவே நீலக் காகிதத்தில் ஜீலம் நதி. ஒரு கரையில் அலெக்சாந்தரின் சேனை. மறு கரையில் போரஸ் மன்னனின் சேனை. ஒவ்வொரு வீரனும் ஓர் அங்குல உயரம். பாரீசிலிருந்து மகன் அனுப்பும் வெறும் பொம்மைகளுக்குப் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு இவரே வர்ணம் தீட்டுகிறார். பிறகு பகடை உருட்டி, அளவுகோலால் தூரம் அளந்து, கி.மு. 326-இல் நடந்த சண்டையைச் சிநேகிதர்களோடு மறுபடியும் நடத்துகிறார்.

"போரஸிடம் 30,000 காலாள், 4,000 குதிரை, 300 தேர், 200 யானை இருந்ததாக அர்ரியன் எழுதுகிறார். அத்தனைக்கும் நான் எங்கே போவேன்? இருநூறு பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொண்டேன்" என்றார். ஆகவே காலாள் 150, குதிரை 20. அந்தக் கணக்கில் யானை ஒன்றுதான் வரும். ஒற்றை யானையோடு போரஸை நிறுத்த மனம் வராமல், தேருக்கும் யானைக்கும் மட்டும் பத்துக்கு ஒன்று என்று சலுகை கொடுத்திருக்கிறார்!

எனக்கு உள்ளூர ஒரு சங்கடம். மனிதர் மாண்ட யுத்தத்தை விளையாட்டாக ஆடலாமா? எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நிஜ யுத்தம் எத்தகைய மடமை என்பதை இது உணர்த்தும் என்பது அவர் கட்சி. மறு வருஷமே நிஜ யுத்தம் வந்துவிட்டது. அவருக்கு வெகு காலம் முன்பே, 1824-இல், பிரஷ்ய ராணுவம் இதே ரகமான விளையாட்டைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கியிருந்தது. ஒருவர் யுத்தத்தை வெறுக்கச் செய்யும் என்று நம்பியது, இன்னொருவருக்கு அதைத் திறமையாக நடத்தப் பயன்பட்டது. அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது?

முசேயிடமே கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வில்லாளிக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வீரனுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆகுமாம்.

"என் பாட்டனாரின் தமையனார் 1914 யுத்தத்தில் பிரான்சுக்காகப் போனவர். திரும்பவில்லை. கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வருஷந்தோறும் ஜூலை 14-இல் மலர் வளையம் வைக்கிறார்கள். ஆனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு படம்கூட இல்லை."

"இந்த வில்லாளிக்கு முகம் கொடுத்துவிட்டீர்கள். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்?" என்றேன்.

"அதுதான் எனக்கும் உறுத்துகிறது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அந்த வார்த்தை என்னை விடவில்லை. என் சரித்திர நாவல் ஒன்றில், 'அன்று பதினாயிரம் வீரர் மாண்டனர்' என்று ஓர் அத்தியாயத்தை முடித்திருக்கிறேன். அந்த வரியை எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த அத்தியாயத்தைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. படித்தவர்களுக்கும் உறுத்தவில்லை, எழுதியவனுக்கும் உறுத்தவில்லை. போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குப் பரணி பாடலாம் என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறோம். கணக்கு நமக்குப் பழகிப்போன விஷயம்.

கணக்கில்லாமல் சேனாபதியால் போர் நடத்த முடியாது. எழுத்தாளனாலும் சேனையைக் கதைக்குள் கொண்டுவர முடியாது. கணக்கிடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணுக்குப் பின்னால் முகம் இருப்பதை மறப்பதுதான் பாவம். முசே ஒரு முகத்துக்கு இரண்டு மாலைகளைச் செலவிடுகிறார். அதனால் அவருக்கு மறக்க முடியவில்லை. பொம்மையோடு விளையாடுகிற அவரைக் கேள்வி கேட்கப் போன நான், வெறும் எண்ணோடு விளையாடியவன்.

அன்று பகடை போரஸுக்குப் பாதகமாக விழுந்தது. நான்கு காலாட்களை மேஜையிலிருந்து எடுத்து, பஞ்சு வைத்த பெட்டியில் ஒவ்வொருவராகப் படுக்கவைத்தார். அவர் கணக்கில் எண்ணூறு பேர்.