முதுகு காட்டி நிற்பவன்

இரட்டை வேடப் படங்களில் இருவரும் ஒரே ஷாட்டில் எதிரெதிரே நின்று பேசும் இடம் வந்ததும் நான் கதையை விட்டுவிடுகிறேன். கண் தானாகவே நடுவிலுள்ள கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தூண், கதவு நிலை, திரைச்சீலையின் மடிப்பு, செங்குத்தாக ஏதோ ஒன்று அங்கே இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் இன்னொருவன். எவ்வளவு கோபம் வந்தாலும் இவன் கை அந்தப் பக்கம் நீளாது. சிறுவனாக இருந்தபோது அதை அரச குடும்பத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் என்னவோ எளிமையானதுதான். காமிராவை அசையாமல் நிறுத்தி, லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, மற்றப் பாதியில் நடிகரை நிறுத்திப் படமெடுப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, அட்டையை மாற்றி வைத்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த அதே நடிகரை அடுத்த பாதியில் நிறுத்துவார்கள். மெலியேஸ் 1900-லேயே ஒரு வாத்தியக் குழுவின் ஏழு பேராகவும் தானே தோன்றிவிட்டார். பஸ்டர் கீட்டன் 1921-ல் 'தி பிளேஹவுஸ்' படத்தில் ஒரே வரிசையில் ஒன்பது பேர். கையால் காமிராவைச் சுற்றிய எல்ஜின் லெஸ்லி ஒன்பது தடவையும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டியிருந்தது. கீட்டன் பாஞ்சோவின் தாளத்துக்குத் தன் அசைவுகளை அளந்துகொண்டார். இங்கே 1940-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திர'னில் பி.யு. சின்னப்பா இருவரானார். 1944-ல் 'ஜகதலப்பிரதாப'னில் அவரே பாட்டும் பக்கவாத்தியமுமாக ஐவரானார். 1965-ல் 'திருவிளையாட'லில் சிவாஜி அதைத் திரும்பச் செய்தபோது கொட்டகையில் கைதட்டல் எழுந்ததை என் தந்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என்னை உறுத்துவது தந்திரமல்ல. அந்த ஷாட்டில் நடிகர் எதைப் பார்த்துப் பேசுகிறார் என்பதுதான். எதிரே யாருமில்லை. வெற்றிடத்தில் ஒரு புள்ளி குறித்துக் கொடுத்திருப்பார்கள். அதை எதிரியின் கண்ணாக பாவித்து அவர் முறைக்கிறார். தன் வசனத்தைச் சொல்லிவிட்டு மௌனமாக நிற்கிறார். எவ்வளவு நேரம்? பிற்பாடு தானே வந்து சொல்லப்போகும் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. பதிலின் நீளம் தெரிந்த பிறகே அங்கே கேள்வி கேட்கப்படுகிறது.

மனச்சாட்சி என்று நாம் சொல்லிக்கொள்வது இதிலிருந்து எவ்வளவு தூரம் வேறுபட்டது?

ஆடம் ஸ்மித்தைப் பொருளாதாரக்காரராக மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். 1759-ல் வெளிவந்த தன் அறவியல் நூலில் அவர், ஒருவன் தன் நடத்தையைத் தானே பரிசீலிக்கும்போது நீதிபதியாகவும் விசாரிக்கப்படுபவனாகவும் இரண்டாகப் பிரிந்துகொள்கிறான் என்கிறார். சிந்தனை என்பதே ஆன்மா தன்னோடு நடத்தும் உரையாடல் என்று பிளாட்டோ அதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவிட்டார். நம் நவீன எழுத்தும் பெரும்பாலும் இந்த மூலதனத்தில்தான் நடக்கிறது. கண்ணாடி, நிழல், 'நான்' என்னும் இன்னொரு 'நான்'. இந்தப் பக்கங்களிலேயே எத்தனை கவிதைகள்! நானும் எழுதியிருக்கிறேன்.

வள்ளுவர் இதில் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார் என்று படுகிறது. 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். தலைவி நெஞ்சை அழைக்கிறாள், கடிந்துகொள்கிறாள், இரங்குகிறாள். பத்துக் குறளிலும் நெஞ்சு ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. அதைப் பேசவிட்டிருந்தால் அவளுக்குச் சாதகமாகவே பேசியிருக்கும். அந்த மௌனத்தை நான் நேர்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு பிற்பகல். கவுண்டர் மூட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஒரு முதியவர் வித்டிராயல் ஃபாரம் நீட்டினார். கம்ப்யூட்டரில் உள்ள மாதிரிக் கையெழுத்து பல வருஷங்களுக்கு முன் போட்டது. உறுதியான, சற்றுக் கர்வமான கையெழுத்து. தாளில் இருந்ததோ நடுங்கி, கோடு விட்டு இறங்கிப் போயிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி போட்டார். அது இன்னும் மோசம். "ரெண்டும் நான் போட்டதுதான் சார்" என்றார். திரையில் ஒரே மனிதனை இரண்டு பேர் என்று மூன்று மணி நேரம் மறுப்பின்றி நம்புகிறவன் நான். எதிரே நின்ற ஒரு மனிதரின் இரண்டு கையெழுத்துகளை ஒருவருடையவை என்று ஏற்க மறுத்தேன்.

அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மாதாமாதம் முதல் வாரம் என் கவுண்டருக்குத்தான் வருவார். ஆபீசரைக் கூப்பிட்டு, சரிபார்த்து, புதிதாக ஒரு மாதிரிக் கையெழுத்து வாங்கியிருந்தால் முடிந்தது. பத்து நிமிஷ வேலை. "நாளைக்கு அடையாள அட்டையோட வாங்க பெரியவரே" என்றேன். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்றிரவு கோர்ட் கூடியது. "தெரிந்த ஆள்தானே?" என்று ஒருவன் கேட்டான். "தெரிந்த ஆள் என்பது விதியல்ல, முகத்தை நம்பிப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு" என்றான் மற்றவன். இருவரும் நன்றாகப் பேசினார்கள். குற்றம் உண்டு, ஆனால் புரிந்துகொள்ளத் தக்கது என்று தீர்ப்பாயிற்று. அதை நோட்டில் எழுதி வைத்தேன். நடை நன்றாக அமைந்திருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

சில நாள் கழித்துத்தான் ஒன்று தட்டுப்பட்டது. அவருக்கு அன்று பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று அந்த விசாரணையில் யாரும் கேட்கவேயில்லை. வாதிக்கும் தெரியாது, பிரதிவாதிக்கும் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது. ஏனென்றால் எனக்குத் தெரியாது. எத்தனை பேராக நான் பிரிந்து நின்றாலும் எனக்குத் தெரியாத ஒன்று அந்தச் சட்டகத்துக்குள் வர வழியில்லை.

வங்கிக்கு இது தெரிந்திருக்கிறது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். பதிவு செய்தவனே அதைப் பாஸ் செய்ய முடியாது. அதற்கு வேறொருவர் வேண்டும். நாணயஸ்தன், அயோக்கியன் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒருவன் இருவராக முடியாது என்பது மட்டும்தான் விதி.

சினிமாவும் ஓரிடத்தில் இதை ஒப்புக்கொள்கிறது. கோட்டுக்கு இருபுறமும் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் வசனம் பேசலாம். ஆனால் ஒருவன் மற்றவனைக் கட்டித் தழுவ வேண்டும், அல்லது கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் அட்டையும் பிலிமும் போதாது. இன்னொரு உடம்பு வேண்டும். அப்போது டூப் வருகிறார். அதே உயரம், அதே உடுப்பு, அதே விக். காமிராவுக்கு முதுகு காட்டி நிற்பார். அணைப்பு அவருக்கு, அடியும் அவருக்கு. முகம் மட்டும் கிடையாது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் கோழை ராமுவையும் வீரன் இளங்கோவையும் தமிழ்நாடே அறியும். இப்படி நின்ற உடம்புகளை யாரும் அறிந்ததில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு முதுகு காட்டும் அவசியமும் போயிற்று. 2010-ல் வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்'கில் இரட்டைச் சகோதரர் இருவருக்கும் ஆர்மி ஹாமரின் முகம். அவர்களில் ஒருவராக உடலால் நடித்தவர் ஜாஷ் பென்ஸ். நடந்தது, உட்கார்ந்தது, துடுப்புப் போட்டது எல்லாம் அவர். முகத்தை மட்டும் பிறகு மாற்றிவிட்டார்கள். கோடு முற்றாக மறைந்துவிட்டது. நான் இனி எதைத் தேடுவது?

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ தன்னைத் தானே விசாரிக்காதவன்தான் மேல் என்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை. உள்ளே இன்னொரு குரலே இல்லாதவன் பயங்கரமானவன். ஆனால் அந்தக் குரல் ஒத்திகை மட்டும்தான். ஒத்திகையையே நாடகம் என்று எண்ணிக் கைதட்டி வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்பதுதான் என் குறை. நம் கவிதைகளில் இரண்டு 'நான்'கள் மோதும்போதெல்லாம் யாரோ ஒருவர் முதுகு காட்டி நிற்கிறார் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் மனைவியாக இருக்கலாம், தகப்பனாராக இருக்கலாம், கவுண்டருக்கு வெளியே நிற்பவராக இருக்கலாம். அடி அவர்மேல் விழுகிறது, முகம் நம்முடையது.

அந்த முதியவர் மறுநாள் வேறு கவுண்டரில் அடையாள அட்டை காட்டிப் பணம் வாங்கிப் போனதாகப் பதிவில் பார்த்தேன். அடுத்த மாதம் மறுபடி என் கவுண்டருக்கே வந்தார். இப்போது திரையிலிருந்த கையெழுத்தும் நடுங்கியே இருந்தது, இரண்டும் பொருந்தின. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "போன தடவை என்ன அவசரம் பெரியவரே?" என்று கேட்டேன். கேட்டபின் அவர் என்ன சொல்லப்போகிறார், எவ்வளவு நேரம் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"அது முடிஞ்சு போச்சு சார்" என்றார்.