விதியா? பழியா?

குடலிறக்கத்துக்கு ஒருவர் அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறையின்றி முடிகிறது; காயம் ஆறுகிறது; வீடு திரும்புகிறார். பத்தாம் நாள் பாதம் மரக்கிறது. மறுநாள் முழங்கால் தளர்கிறது. பிறகு கை ஓய்கிறது. முடிவில் மூச்சே முட்டுகிறது. அரிதாக நேர்வதுதான், ஆயினும் நேர்வதுண்டு.

நேர்ந்தவுடன் இரு குரல்கள் எழுகின்றன. "எல்லாம் தலையெழுத்து" என்பது ஒன்று. "டாக்டர் கெடுத்துவிட்டார்" என்பது மற்றொன்று. முதற்குரலை நாம் நெடுநாளாக எதிர்த்து வருகிறோம். ஆராயாமல் எழும் இரண்டாம் குரலையும் எதிர்க்க வேண்டியவர்கள் அல்லவா நாம்?

1916-ஆம் ஆண்டு. உலகப் போரின் நடுவே, கிலான், பாரே, ஸ்ட்ரோல் எனும் பிரெஞ்சு மருத்துவர் மூவர், இவ்வாறு தளர்ந்து வீழ்ந்த படைவீரர் இருவரைக் கண்டனர். முன்வினையைத் தேடவில்லை, முகூர்த்தத்தைப் பழிக்கவில்லை. தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தனர். அதில் புரதம் மிகுந்திருந்தது, அணுக்களோ மிகவில்லை. நோய்க்கு அடையாளம் கிடைத்தது. கிலான்-பாரே நோய் என்ற பெயரும் வந்தது.

கிருமியை எதிர்க்கப் பிறந்த உடலின் காவற்படை, பகைவன் யார், உறவினன் யார் என்று அறியாமல், சொந்த நரம்பையே தாக்குவதுதான் இந்நோய். ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவரைப் பற்றுகிறது. மூவரில் இருவருக்கு, முன்னதாக வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்திருக்கும். சிலருக்கு அறுவைக்குப் பின் சில வாரங்களில் வருகிறது. கத்தி பட்ட இடத்திலா? இல்லை! கத்தி படாத கால்களில் தொடங்கி மேலே ஏறுகிறது.

பின்னால் வந்தது என்பது வேறு. அதனால் வந்தது என்பது வேறு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நகைத்தவர்கள் நாம். மருத்துவமனை வாசலில் மட்டும் அதை மறக்கலாமா? அறுவை ஒரு தூண்டுதலாகவே இருந்தாலும், தூண்டுதல் வேறு, குற்றம் வேறு. நன்கு செய்த கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

அப்படியானால் குற்றமே இல்லையா? உண்டு! "கால் மரத்துப் போகிறதே" என்று நோயாளி முறையிடும்போது, "மயக்க மருந்தின் மிச்சம், படுத்தால் போய்விடும்" என்று, தொட்டுப் பாராமல் திருப்பி அனுப்புகிறாரே, அங்கே இருக்கிறது குற்றம். அதே முறையீட்டைக் கேட்டு மந்திரிக்க அழைத்துப் போகிறார்களே, அங்கேயும் இருக்கிறது குற்றம். இரண்டும் நாளைத் தின்கின்றன, நரம்போ காத்திருப்பதில்லை.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? குருதியின் தெளிநீரை மாற்றும் முறை பயன் தருவதை 1985-இல் வட அமெரிக்க ஆய்வு காட்டியது. எதிர்ப்புப் புரதத்தை நரம்பூசி வழியே செலுத்தும் முறை அதற்குக் குறைந்ததல்ல என்பதை 1992-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் இவற்றின் பலன் மிகுதி. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சுவாசக் கருவி தேவைப்படுகிறது. நூற்றில் ஐவர் அளவில் இறக்கவும் இறக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் தம் காலால் நடக்கிறார்கள். விதி முன்பே எழுதிய முடிவானால், மருந்து அதை எப்படித் திருத்தியது?

அந்த எதிர்ப்புப் புரதம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆயிரக்கணக்கானோர் ஈந்த குருதியைச் சேர்த்து வடித்த மருந்து அது. உயர்ந்தோன் குருதி எது, தாழ்ந்தோன் குருதி எது என்று விசாரித்துவிட்டா நரம்பு நிமிர்கிறது?

எனவே தோழர்களே! துன்பம் வந்த வீட்டில் நம் முதல் வேலை பழி தேடுவதன்று, காரணம் தேடுவது. "தலையில் எழுதியிருக்கிறது" என்பவரிடம் அமைதியாகச் சொல்லுவோம்: "ஐயா, எழுதியிருப்பது தலையில் அல்ல, தண்டுவட நீரில். படிக்கத் தெரிந்தவரிடம் இன்றே அழைத்துச் செல்லுங்கள்!"