இரகசியம் யாருடைய அமானிதம்?

அரசாங்க அலுவலகமொன்றின் கணினிகளுக்குள் திருடன் புகுந்துவிட்டால் அதை மக்களிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? சொன்னால் அடுத்த திருடனுக்கு வழி தெரிந்துவிடும் என்பர் ஒரு சாரார். மறைத்தால் அலட்சியம் தப்பித்துக்கொள்ளும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நம்மிடம் ஒருவர் நகைப்பெட்டியை அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது களவு போனால், எந்த ஜன்னலின் தாழ்ப்பாள் பழுது என்று தெருவெல்லாம் கூவ வேண்டியதில்லை. சரிசெய்யும்வரை அதைச் சொல்லாதிருப்பதே அறிவுடைமை. ஆனால், நகைக்கு உரியவரிடமே களவை மறைக்க நமக்கு ஏது உரிமை? இரகசியம் காப்பது அமானிதத்திற்காகவேயன்றி, அதைப் பெற்றவரின் மானத்திற்காக அன்று.

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களிலிருந்த தகவல்கள் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டன. நோயாளிகளின் பதிவுகளைப் பல நாட்கள் கையால் எழுத நேர்ந்தது. வலையமைப்பை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காததே காரணம் என அரசாங்கமே பின்னர் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. பூட்டின் நுணுக்கங்களை விளக்காமலே காரணத்தைச் சொல்ல முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இத்தகைய தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறந்த உத்தரவு. 2023 நவம்பரில் அவ்வமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல்களை மட்டுமே இனி அதனிடம் கேட்க முடியும். சொன்னது வெளியாகுமென அஞ்சினால் எவரும் உண்மையைச் சொல்ல முன்வரமாட்டார் என்ற வாதத்தை நாம் தள்ளிவிட முடியாது.

எனினும், நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மறுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவே இடமளிக்கிறது. பொதுநலன் அதைவிடப் பெரிதாயின் வெளியிடலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அது ஒரு தராசு. முழு விலக்கு அளிக்கும்போது தராசே அகற்றப்பட்டுவிடுகிறது.

எப்படிப் புகுந்தான் என்பது, பழுது நீங்கும்வரை இரகசியமாக இருக்கட்டும். எது போயிற்று, யாருடையது போயிற்று, பழுது நீக்கப்பட்டதா என்பவை உரியவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை. நோயாளியின் தகவல் நோயாளியுடையது. அதைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள், அதை இழந்த செய்தியைத் தங்கள் சொந்தச் சொத்தாக்கிக்கொள்ளலாகாது.