கார் இல்லாதவன் பின்தங்கியவனா?

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மாமா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, இன்னும் கார் எடுக்கலையா? வேலைக்குப் போயி மூணு வருஷம் ஆச்சே!"

"பஸ்ல தான் போறேன் மாமா" என்றேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வீட்டில் இருக்கும் ஏதோ வியாதியை நான் வெளியே சொல்லிவிட்டது போல.

அந்த மௌனம் என்னை யோசிக்க வைத்தது. கார் இல்லாமல் இருப்பது ஒரு தோல்வியா? நான் கார் வாங்குவதும் வாங்காததும் என் சொந்த விஷயம் மட்டும்தானா?

என் பாட்டி செம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்குப் போவது, பால் வாளியைச் சுமந்து வருவது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போவது எல்லாம் கால்நடைதான். லயம், தமிழ்ப்பள்ளி, கோயில், மளிகைக் கடை எல்லாமே நடக்கும் தூரம்.

'அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்று சொல்ல மாட்டேன். வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. வெளியுலகம் எட்டாத தூரத்தில் இருந்தது. நடக்கும் தூரத்துக்குள் எல்லாம் இருந்ததே ஒரு வேலியாகவும் இருந்தது. அதனால்தான் அப்பா ஒரு பழைய ஹோண்டா கப் வாங்கியபோது, கோயில் வாசலில் நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்கள். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது, 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. நம்மாலும் ஒரு கார் வாங்க முடியும் என்று நம் வீடுகள் நம்பத் தொடங்கிய காலம் அது. அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

பிறகு தோட்டம் போனது. ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் தாமான் வந்தது. இப்போது வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், பெரிய ஆஸ்பத்திரி ஈப்போவில். ஒரு காலத்தில் விடுதலையாக வந்த வண்டி, இன்று இல்லாவிட்டால் வாழவே முடியாது என்ற கட்டாயமாகிவிட்டது.

அந்தக் கட்டாயத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டுவரை இழுக்கலாம். மாதம் 600 வெள்ளி என்றால் 108 மாதத்துக்கு 64,800 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, டோல் எல்லாம் தனி. இருபத்திரண்டு வயதில் கையெழுத்துப் போடும் தம்பிக்குக் கடன் முடியும்போது முப்பத்தொன்று. "சரி, மோட்டார் போதும்" என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு. 2023இல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 6,000 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

ஆனாலும் என்னை அதிகம் உறுத்துவது பணக் கணக்கு இல்லை. நான் ஏறும் பஸ்ஸில் என்னோடு வருபவர்கள் யார்? பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், கையில் மருந்துப் பையோடு நம் பாட்டிமார்கள். ஒரு பாட்டி ஒருநாள் கேட்டார்: "படிச்ச புள்ளையா இருக்க, நீ எதுக்குப்பா பஸ்ல வர்ற?" அவருக்கு இரத்த அழுத்தம். "ஒருநாள் பஸ் வரலைன்னா அவ்ளோதான், டாக்டரப் பாக்காம வீட்டுக்குத் திரும்பிடுவேன்" என்றார். "மகன்கிட்ட கார் இல்லையா பாட்டி?" என்று கேட்டேன். "கார் இருக்குப்பா. மகன்தான் இங்க இல்ல, கோலாலம்பூர்ல இருக்கான்."

திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஊரோடு ஒத்து வாழ்ந்து, பிறருக்குப் பயன்படத் தெரிவதைப் பற்றியது. அதில் வள்ளுவர் ஊருணியைச் சொல்கிறார். ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கும் பொதுக் குளம். நம் காலத்து ஊருணி இந்த பஸ்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டில் சொந்தக் கிணறு வெட்டிக்கொண்டால், குளத்தைத் தூர் வார யார் வருவார்? கிணறு வெட்டியது பாவமில்லை. ஆனால் குளம் வற்றும்போது தாகத்தோடு நிற்பவர் அந்தப் பாட்டி. பயணிகள் குறைந்தால் பஸ் குறைகிறது. பஸ் குறைந்தால் மிச்சமிருப்பவர்களும் கடன் வாங்கி கார் எடுக்கிறார்கள். கடைசியில் கார் ஓட்ட முடியாதவர் மட்டும் வீட்டுக்குள் அடைபடுகிறார்.

சேர்ந்து பயணம் செய்வது பேராக் மாநிலத்துக்குப் புதிதல்ல. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நம் மாநிலத்தில்தான் திறந்தது. 2010இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இ.டி.எஸ். மின்ரயில் ஓடத் தொடங்கியது. இன்று தலைநகரிலிருந்து இரண்டரை மணி நேர அளவில் ஈப்போ வந்துவிடலாம். அங்கிருந்து நம் தாமானுக்குப் போவதுதான் பெரும்பாடு.

சுங்கை சிப்புட் மண்ணின் துன் வீ. தி. சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நேரத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியாக ஒரு ஏக்கர்கூட வாங்க முடியாத பால்மரத் தொழிலாளர்கள், சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டி, சேர்ந்து தோட்டங்களையே வாங்கினார்கள். அது ஒப்புரவு. அவர்கள் பேரப்பிள்ளைகளான நாம், ஒரே தாமானிலிருந்து ஒரே தொழிற்பேட்டைக்கு ஆளுக்கொரு காரில் தனித்தனியாகப் போகிறோம்.

"உனக்கென்ன, கல்யாணம் ஆகாதவன், சுலபமா பேசற" என்பாள் என் அக்கா. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளுக்கு இரவு வேலை. நடுநிசியில் ஒரு பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்வது அறமாகாது. அவள் மைவி வாங்கியபோது நானும் கூடப் போய்த்தான் வந்தேன். குழந்தை இருக்கும் வீடு, நோயாளி இருக்கும் வீடு, பஸ்ஸே எட்டிப்பார்க்காத இடம், இங்கெல்லாம் கார் தேவைதான். நான் கேட்பது வேறு. பந்தியில் தலை நிமிர்ந்து உட்காருவதற்காக ஒன்பது வருடக் கடனா? காரில் ஏறிய பிறகு, பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் என் கண்ணில் படுகிறாரா?

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை வெறுங்காலில் காவடியோடு நடக்கிறோம். அன்றைக்குக் கார் வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். யாரும் யாரையும் குறைவாகப் பார்ப்பதில்லை. மறுநாள் காலை ரொட்டி வாங்க இரண்டு தெரு தள்ளிப் போகவும் கார் சாவியைத் தேடுகிறோம். அந்த ஒருநாள் சமத்துவத்தில் கொஞ்சமாவது மற்ற நாட்களுக்கு மிஞ்ச வேண்டாமா?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கார் இருந்தால், கோயிலுக்குப் போகும்போது காலியாக இருக்கும் நான்கு இருக்கைகளைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். நிறுத்தத்தில் கூரை இல்லையா, பஸ் நேரத்துக்கு வருவதில்லையா? பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு நகராண்மைக்கழகத்துக்கு எழுதுங்கள். பஸ்ஸில் போகிறவன் எழுதினால்தான் அதில் உயிர் இருக்கும்.

கடைசியாக நம் இயக்கத்துக்கே ஒரு வார்த்தை. நம் கூட்டங்கள் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு, பஸ் போகாத இடத்தில் நடக்கின்றன. வராத தம்பி தங்கைகளை 'ஆர்வமில்லாதவர்கள்' என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே.